ஊறல் பேரலும் கோலி சோடாவும்

தினசரிகளில் கள்ளக்குறிச்சி மாவட்டப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடம். கல்வராயன்மலையில் ஓடை ஓரமாகப் பேரல்களில் வைத்திருந்த சாராய ஊறல் கண்டுபிடிப்பு. அங்கேயே கொட்டி அழிப்பு. தப்பியோடியவருக்குப் போலீஸ் வலை. ஊர்ப் பெயரும் லிட்டர் கணக்கும் மட்டும் மாறும். கூடவே ஒரு படம்: நாலு காவலர்கள், கவிழ்ந்து கிடக்கும் பேரல், பின்னால் புதர். பழைய செய்தியை எடுத்துத் தேதியை மட்டும் திருத்திப் போடுகிறார்களோ என்று சந்தேகம் வரும்.

2024 ஜூனில் அந்தச் செய்தி மாவட்டப் பக்கத்தை விட்டு முதல் பக்கத்துக்கு வந்தது. கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். சேஷசமுத்திரம் போன்ற சங்கராபுரம் பக்கத்து ஊர்களிலும் சாவு விழுந்தது. செத்தவர்கள் 65 பேருக்கும் மேல். பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம் அமைந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதற்கு ஓராண்டு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். மெத்தனால் வெல்லத்திலிருந்தோ மரப்பட்டையிலிருந்தோ வந்ததல்ல. பெயின்ட், ரசாயனத் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள் அது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது; முதலில் கண் பார்வை போகிறது, பிறகு உயிர். மலையில் காய்ச்சுவதற்கு நாள்கணக்கில் ஊறல் காத்திருக்க வேண்டும், விறகு வேண்டும், ஆள் வேண்டும். மெத்தனாலுக்கு ஒரு கேனும் தண்ணீரும் போதும். மலையில் கெடுபிடி இறுகும்போதெல்லாம் கீழே கேன் வந்து சேரும் ஆபத்து இருக்கிறது. ரெய்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கு எழுதும் யாரும் இதை எழுதுவதில்லை.

அதற்காக மலைச் சாராயத்துக்கு மாலை போட்டுக் கொண்டாடவும் வேண்டாம். ஊறலுக்குப் பட்டை வேண்டும். கடுக்காய் மரத்தையும் வேல மரத்தையும் சுற்றிலும் உரித்தால் மரம் நின்றபடியே காய்ந்து போகும். அடுப்புக்கு விறகும் காட்டிலிருந்துதான். ஓடைத் தண்ணீர் இல்லாமல் காய்ச்ச முடியாது. பிடிபட்டால் புளித்த ஊறல் முழுவதும் அந்த ஓடைக்கே போகிறது. கோமுகி, மணிமுத்தா இரண்டு ஆறுகளும் பிறக்கும் மலை இது. காய்ச்சுகிறவருக்கும் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. முதல் போடுபவர், லாரி டியூபில் கீழே இறக்குபவர், பாக்கெட் கட்டுபவர் என்று லாபம் கைமாறிப் போய்விடுகிறது. வழக்கு மட்டும் மலையிலேயே தங்கிவிடுகிறது.

சிறிய அளவில், உள்ளூர்ச் சரக்கில், கைப்பக்குவத்தில் ஒரு பானத்தைத் தயாரித்து, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து, பாட்டிலைத் திரும்ப வாங்கி, ஊர்க்காரர்களுக்கே வேலை கொடுத்து நடத்தும் தொழிலை உலகின் பல நாடுகளில் இப்போது பெருமையோடு பேசுகிறார்கள். கல்வராயன்மலையிலும் சிறிய அளவுதான், உள்ளூர்ச் சரக்குதான், கைப்பக்குவம்தான். ஆனால் எல்லாமே தலைகீழ். ஏன் இப்படி ஆனது, இதைத் திருப்பிப் போட வழி உண்டா என்பதுதான் இந்தக் கட்டுரை.

ராஜாஜி தொடங்கிய இடம்

கல்வராயன்மலையின் மேற்குப் பகுதி இன்றும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கருமந்துறை அந்தப் பக்கம். வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் கள்ளக்குறிச்சிப் பக்கம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலையடிவாரம் மதுவிலக்கின் எல்லா ரூபங்களையும் பார்த்துவிட்டது: தடை, 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி தடை, 1981-ல் மறுபடி கடைகள், பிறகு கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003-லிருந்து டாஸ்மாக் கடைகளில் மட்டும் சில்லறை விற்பனை. எது வந்தாலும் ஓடையோர அடுப்பு மட்டும் அணையவில்லை.

இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் கீழ் நெடுங்காலம் இருந்த மலை இது. நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டு கடந்தபின், 1970-களின் நடுவில்தான் அரசின் நேரடி நிர்வாகம் முழுதாக மேலே ஏறியது. கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன்மலை மக்களின் நிலையைப் பற்றி வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, பிழைப்பு என்று அடிப்படையான கேள்விகளையே கேட்டது. அந்தக் கேள்விகளுக்குச் சாவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதில் எவருக்கும் பெருமை இல்லை.

சாமை, மரவள்ளி, புளி, கடுக்காய், தேன், நெல்லி. மலையின் வருமானம் இதற்குள் அடங்கும். மரவள்ளி ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிவிடும். கடுக்காய் தோல் பதனிடவும் சித்த மருந்துக்கும் போகும். எல்லாமே மூட்டையாக இறங்கும் சரக்கு. எதிலும் மலையின் பெயர் இருக்காது. மதிப்பு கூட்டி, விலை சொல்லி விற்கும் பொருள் மலையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் இறங்கியது. அதற்கும் பெயர் போட முடியாது.

மகுவாவுக்கு ஒரு சட்டம்

மத்தியப் பிரதேசத்தில் கோண்டுகளும் பில்களும் இலுப்பை இனத்தைச் சேர்ந்த மகுவாப் பூவிலிருந்து காய்ச்சும் சாராயமும் பல்லாண்டுகளாகப் போலீஸ் தேடிய பொருள்தான். 2021 நவம்பரில் அந்த மாநில அரசு அதற்கு மரபுச் சாராயம் என்று பெயர் கொடுத்துத் தனிக் கொள்கை கொண்டுவரப்போவதாக அறிவித்தது. பழங்குடியினரைக் கொண்ட சுய உதவிக் குழுக்கள் மட்டுமே தயாரிக்கலாம். ஆலிராஜ்பூரிலும் திண்டோரியிலும் சிறு ஆலைகள் அமைந்தன. ஆலிராஜ்பூர்க் குழுவின் சாராயம் ‘மோண்ட்’ என்ற பெயரில் கண்ணாடி பாட்டிலில், லேபிளோடு, மாநிலச் சுற்றுலாத் துறை ஓட்டல்கள் வரை போனது. காட்டில் பூப் பொறுக்கும் பெண்ணும், ஆலையில் காய்ச்சுகிறவரும், பணத்தை எண்ணுகிறவரும் ஒரே வட்டாரத்து ஆட்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது லேபிள்தான். லேபிள் இருந்தால் தயாரித்த இடம் தெரியும், செறிவு தெரியும், சோதனைக்கூடத்துக்கு மாதிரி போகும், தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்று தெரியும். பாக்கெட் சாராயம் கொன்றதற்கு ஒரு காரணம் அதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை என்பது.

இதையே கல்வராயன்மலையில் செய்யலாமே என்று யாராவது கேட்டால், அவ்வளவு சுலபமில்லை. மத்தியப் பிரதேசத்தில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கே 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் செல்லும். போதைப் பொருளை விற்கலாமா, எவ்வளவு, யார் என்று கட்டுப்படுத்தவோ முற்றிலும் தடுக்கவோ கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் அது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. கல்வராயன்மலைக் கிராம சபை கூடி, எங்கள் மலையில் சாராயமே வேண்டாம் என்று தீர்மானம் போட்டாலும் சரி, முறைப்படுத்துங்கள் என்று போட்டாலும் சரி, அந்தச் சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. தடையும் அனுமதியும் சென்னையிலிருந்துதான் மலையேறும்.

இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. கருணாபுரத்துத் தெருவில் தாலி அறுத்தவர்களிடம் போய், இனிமேல் நல்ல சாராயம் வரும் என்று சொல்ல எந்த நாக்கும் கூசும்.

யாழ்ப்பாணத்தில் வேறொரு முறை இருக்கிறது. அங்கே தவறணை எனப்படும் கள்ளுக்கடைகளை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர்கள்தான் முன்பு கள் இறக்கும் சீவல் தொழிலாளர்களை ஆட்டிவைத்தார்கள். 1972-ல் அது மாறிச் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சீவியவர் கொண்டுவரும் கள்ளைச் சங்கம் அளந்து வாங்கும், தன் தவறணையில் விற்கும், மிஞ்சியதைப் போத்தலில் அடைக்கும் அல்லது வடிசாலைக்கு அனுப்பும். திக்கம் வடிசாலை அப்படி உருவானது. போரையும் பொருளாதாரத் தடையையும் தாண்டி அந்தச் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. குறைகள் நிறையச் சொல்வார்கள். கடன், நிர்வாகச் சண்டை, இடைக்கிடை மூடிக்கிடந்த வடிசாலை. ஆனாலும் மரத்திலிருந்து விற்பனை மேசை வரை வழி தெரிகிறது.

தமிழ்நாட்டில் பனையேறிகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர் புளிக்காது, போதை ஏறாது, சட்டமும் அனுமதிக்கிறது. இருந்தும் கலயத்தோடு வருபவரை நிறுத்தி முகர்ந்து பார்ப்பது நிற்கவில்லை. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து நரசிங்கனூர்ப் பனையேறிகள் இதைப் பல மேடைகளில் சொல்லிவிட்டார்கள். 2017-ல் தென்னை நீராவுக்கு உரிமம் கொடுக்க அரசு விதிகளைத் திருத்தியது. தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கதவு திறந்த வேகத்தில் பனையேறிக்குத் திறக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கலர் கம்பெனிகள் கற்றுக்கொடுத்தது

போதை இல்லாத பக்கம் போவோம். சிறிய பான உற்பத்தி என்று தமிழ்நாட்டில் தேடினால் கண்ணுக்குப் படுவது சோடா கம்பெனி. ‘கம்பெனி’ என்பதே பெரிய வார்த்தை. ஒரு கூடம், ஒரு வாயு சிலிண்டர், கையால் சுற்றும் எந்திரம், நாலு ஆள், ஒரு மூன்று சக்கர வண்டி. கோலி சோடா, பன்னீர் சோடா, ஜிஞ்சர், கலர். சங்கராபுரம் அளவுள்ள எந்தத் தாலுகா ஊரிலும் ஒரு காலத்தில் இரண்டு மூன்றாவது இருந்த தொழில்.

அந்தக் கோலி பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர், 1870-களில். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைக்கிறது. மூடி கிடையாது, கார்க் கிடையாது, தூக்கி எறிய எதுவுமே கிடையாது. ஐரோப்பாவில் அது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஜப்பானில் ராமுனே என்ற பானத்திலும் நம் ஊர்ப் பெட்டிக்கடையிலும் தங்கியது. 2025-ல் மத்திய வணிக அமைச்சகமே இந்தியக் கோலி சோடா அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதைச் செய்தியாக வெளியிட்டது.

சோடா கம்பெனிக்காரருக்கு முதலீடே பாட்டில்தான். அதனால் பாட்டில் திரும்பி வந்தாக வேண்டும். கடைக்காரர் வாசலிலேயே குடிக்கச் சொல்வார்; எடுத்துப்போனால் முன்பணம். காலையில் நிரம்பிய பெட்டியோடு போகும் வண்டி மாலையில் காலிப் பெட்டியோடு திரும்பும். வண்டி ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம்தான் அந்த வியாபாரத்தின் எல்லை. அதற்கு மேல் விரிந்தால் பாட்டில் திரும்பாது. சுற்றுச்சூழல் என்று யாரும் வகுப்பெடுக்காமலே கணக்கு அப்படி அமைந்தது. உப்புக் கரித்தாலோ குப்பை மிதந்தாலோ குடித்தவர் நேரே கம்பெனி வாசலுக்கு வந்து கேட்பார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கடனில் பெட்டி இறங்கும். அறுவடைக்குப் பிறகு கணக்குத் தீரும்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பாட்டில் கழுவும் தொட்டியைப் பார்த்தவர்கள் சோடா குடிப்பதை விட்ட கதையும் உண்டு. வெடித்த பாட்டிலால் கை கிழிந்தவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பல கம்பெனிகள் தண்ணீரைச் சோதிக்க மனமில்லாமல் மூடிக்கொண்டன. ஆனால் அவற்றை முதலில் சாய்த்தது குளிர்பெட்டியோடு வந்த பன்னாட்டு பிளாஸ்டிக் பாட்டில்.

அந்தப் பாட்டிலின் தண்ணீர்க் கணக்கை நாட்டுக்கே காட்டிய ஊர், கோவையை ஒட்டிய கேரள எல்லையிலுள்ள பிளாச்சிமடை. 2000-ல் கோகோ கோலா ஆலை அங்கே வந்தது. சில ஆண்டுகளுக்குள் சுற்றிலும் இருந்த ஆதிவாசிக் குடியிருப்புகளின் கிணறுகள் கெட்டன. இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னின்று போராடினார். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-ல் ஆலை நின்றது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. தண்ணீர் எடுத்தவர்கள் அட்லாண்டாவிலுள்ள தலைமையகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள்; பிளாச்சிமடைக் கிணற்றடிக்கு வந்து பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்ல.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில், மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மெரினாவின் கோபம் குளிர்பெட்டியின் அலமாரியை மாற்றியது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ எங்கே கிடைக்கும் என்று இளைஞர்கள் விசாரித்தார்கள். புதுச் சோடா கம்பெனிகள் முளைத்தன. மூடியவை சில திறந்தன. உணர்ச்சி வடிந்ததும் பன்னாட்டு பாட்டில்கள் அலமாரிக்குத் திரும்பின என்பதும் உண்மை. நாட்டுப்பற்றை மட்டும் நம்பிச் சோடா விற்க முடியாது. குளிர்பெட்டி, வண்டி, கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் கமிஷன் என்று எல்லாமே வேண்டும்.

மலையில் என்ன இருக்கிறது?

சங்கராபுரத்திலிருந்து மூலக்காடு வழியாக மலைக்குப் போகும் பாதையில் ஒரு சோடா கம்பெனியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். சர்க்கரைக்குக் குறைவில்லை. கள்ளக்குறிச்சி கரும்பு மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் ஓடுகின்றன. வெல்லம் ஊருக்கு ஊர் காய்ச்சுகிறார்கள். அந்த வெல்லத்தை மொத்தமாக மலைக்கு அனுப்பக்கூடாது என்று வியாபாரிகளுக்குப் போலீஸ் அறிவுரை சொல்வது வழக்கம். நெல்லி மேலே இருக்கிறது. தேன் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நன்னாரி வளர்கிறது; வேரைத்தான் தோண்ட வேண்டும் என்பதால் பாதி வேரை மண்ணில் விட்டுவிட்டு எடுக்கும் ஒழுங்கு இருந்தால்தான் அடுத்த ஆண்டும் கிடைக்கும். சாமைக் கஞ்சி மலையின் தினசரிச் சாப்பாடு. மோர் கலந்து வெயில் காலத்தில் விற்றால் கேழ்வரகுக் கூழுக்குக் கிடைக்கும் கிராக்கி அதற்கும் கிடைக்கும்.

பழங்குடியினரே பங்குதாரர்களாக இருந்து இப்படி ஒன்றை நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு நீலகிரியில் சாட்சி இருக்கிறது. 1990-களில் கோத்தகிரியில் வேர்விட்ட கீஸ்டோன் அறக்கட்டளை, தேனெடுக்கும் குறும்பர்களிடமும் இருளர்களிடமும் வேலையைத் தொடங்கியது. அங்கிருந்து 2013-ல் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது. பங்குகள் ஆதிவாசிகளுடையவை, இயக்குநர்கள் அவர்களே. தேன், காபி, மிளகு, சிறுதானியம் எல்லாவற்றையும் கிராமத்திலேயே தரம் பிரித்துப் பக்குவப்படுத்தி அனுப்புகிறார்கள். எந்தத் தேன் எந்தக் காட்டிலிருந்து, எந்தப் பருவத்தில் வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். வேட்டையாடியதைப் போல மொத்தமாக வழித்தெடுக்காமல், அடுத்த பருவத்துக்கு மிச்சம் வைத்து எடுக்கும் பழைய ஒழுக்கத்தையே விற்பனை நிபந்தனையாக்கிவிட்டார்கள். இது ஒரே நாளில் நடந்ததல்ல. இருபது ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்த ஆட்கள் இருந்தார்கள்.

கல்வராயன்மலைக்கு அப்படி யாரும் இருபது ஆண்டு இருக்கவில்லை. இருப்பது லேம்ப் என்று மலைவாசிகள் சொல்லும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். ரேஷனும் பயிர்க்கடனும் அதன் அன்றாடம். வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்தாலும், நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. சிறு வனப் பொருள்மீது சமூக உரிமை கையில் இருந்தால்தான் ஒரு சர்பத் கம்பெனி, நெல்லிக்கும் நன்னாரிக்கும் வனத்துறையிடம் கைகட்டி நிற்காமல் இருக்க முடியும். எந்திரம் வாங்குவதைவிட இதுதான் முதல் வேலை.

பாட்டிலுக்கு வருவோம். இதில் மட்டும் டாஸ்மாக்கிடமிருந்து கற்க ஒரு பாடம் இருக்கிறது. காட்டுக்குள் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் நெருக்க, 2022 மே மாதம் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. விற்கும்போது 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது. அரை நூற்றாண்டாகச் சோடாக்காரர் செய்ததை அரசு நீதிமன்றம் சொல்லிச் செய்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாகத் திட்டம் விரிந்தது. பாட்டிலை எண்ணி அடுக்க ஆளில்லை என்று கடை ஊழியர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பத்து ரூபாய்க்காக மனிதர்கள் பாட்டிலைச் சுமந்து வருவார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது. வெள்ளிமலையிலும் மேகம் அருவியிலும் சுற்றுலா வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போடும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குபவர்களும் மலைக்காரர்கள்தான்.

சாராய வழக்கிலிருந்து விலகி வருபவர்களுக்கு மறுவாழ்வு நிதி என்று அரசு ஒன்று வைத்திருக்கிறது. கறவை மாடு கொடுப்பார்கள், பெட்டிக்கடை வைத்துக் கொடுப்பார்கள். தனித்தனி ஆளுக்குத் தனித்தனி மாடு. மாடு வறண்டதும் பழைய முதலாளி வந்து கதவைத் தட்டுகிறார். இருபது குடும்பம் சேர்ந்து ஒரு பானக் கூடம் நடத்தினால் கதவைத் தட்டுவது அவருக்கு அவ்வளவு எளிதாக இருக்காது; ஊறல் போடத் தெரிந்தவருக்குப் புளிப்பு, இனிப்பு, சூடு, தண்ணீரின் குணம் எல்லாம் ஏற்கெனவே தெரியும். அந்தக் கைப்பக்குவத்தை மறக்கச் சொல்லி மாடு கொடுப்பது எனக்குப் புரியவில்லை.

2024 ஜூன் முடிவதற்குள் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் சிறை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மறுபக்கம், 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின்படி, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு உற்பத்தியாளர் சர்பத்தோ சோடாவோ தயாரிக்கப் பதிவுக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. விண்ணப்பத்தில் தயாரிக்கும் இடத்தின் முகவரியைக் குறிக்க வேண்டும்.